இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள்

பிப்ரவரி 9

தங்கைக்கு,

'அன்புள்ள' என்று போட மறந்துவிடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

போன வாரம் நீ ஆறு முறை போன் செய்தாய். ஆறு முறையும் உன் அத்தான் எடுத்து, நான் மொட்டைமாடியில் துணி காயப்போடுவதாகச் சொன்னார். இந்த வீட்டில் அவ்வளவு துணி கிடையாது. நான் அவர் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். உன் குரலைக் கேட்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைக்குப் புது இயந்திரம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பார்த்தால் வாயைப் பிளப்பாய். ஆளைப் படுக்கவைத்தால் போதும், உயரம், அகலம் எல்லாம் அதுவே பார்த்துக்கொண்டு குழாய்க்குள் இழுத்துக்கொள்கிறது. முதல் நாள் கம்பெனிப் பொறியாளர் பொத்தானை அழுத்தினார். உள்ளேயிருந்து ஒரு பெண் பேசினாள். "மூச்சை உள்ளே இழுங்கள். பிடியுங்கள்." கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த எனக்குக் கையிலிருந்த பேனா விழுந்துவிட்டது. நாற்பத்து நான்கு வருஷமாக என்னோடு சண்டை போடும் குரல் எனக்குத் தெரியாதா?

இருபத்தாறு வருஷமாக அந்த அறை மைக்கில் அதைச் சொன்னவள் நான். அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டேன். ஒரு வருஷத்துக்கு முன்பே பதிவு செய்து கொடுத்ததாகச் சொன்னாய். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "யாரோ ஒருத்தர் பேசத்தானே போறாங்க அக்கா, அது நானா இருந்தா என்ன?" என்றாய். யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் ஒரு வாரம் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன்.

இன்னும் கேள். மூன்று ஸ்கேன் அறைக்கு மூன்று பேர் இருக்கிறோம். ஜூன் மாதத்திலிருந்து மூன்றுக்கும் ஒரே ஆள்தான், தனி அறையில் திரைகளைப் பார்த்துக்கொண்டு. அதற்குப் பயிற்சி உண்டு, தேர்வு உண்டு. தேறாதவர்கள் வாசலில் இருக்கும் பதிவு ஜன்னலுக்குப் போக வேண்டும். பெயர் என்ன, வயசு என்ன, முகவரி என்ன. எனக்கு ஐம்பத்தோரு வயது. நான் கடைசியாகப் பரீட்சை எழுதியபோது நீ இரட்டைச் சடை போட்டிருந்தாய்.

ஒரு நாளைக்கு நாற்பது முறை நீ என் அறையில் பேசுகிறாய். வீட்டுக்கு வந்து போனிலும் உன் குரல் கேட்டால், என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அப்புறம் எப்படிப் பேசுவது?

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் 'அன்புள்ள' போடுகிறேன். நீ போடாததற்கும் சேர்த்து இரண்டு முறை போட்டதாக வைத்துக்கொள்.

கடிதம் எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். வாயாடி என்று எனக்குப் பெயர் வைத்தவள் நீதான், ஆனால் பேனாவைப் பிடித்தால் எனக்கு வாயே வருவதில்லை. உன் தங்கை ரயில் நிலையத்தில் பதினெட்டு வருஷம் அறிவிப்பு சொன்னவள். எத்தனை ஆயிரம் பேரை எந்த நடைமேடைக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருப்பேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எந்த நடைமேடைக்கு வர வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை.

சொல்லாதது தப்புதான். குரல் பதிவு செய்து விற்கிற கம்பெனிக்காரர்கள் நானூறு வாக்கியம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அதில் மூச்சு பற்றிய வரிகள் வந்ததும் உன் நினைவுதான் வந்தது. நீ சொல்கிற மாதிரியே சொல்லிப் பார்த்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அது உன் அறைக்கே வந்து சேரும் என்று நான் கனவா கண்டேன்?

உனக்கு நினைவிருக்கிறதா, நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மணிக்கட்டு உடைந்தது. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினாய். என் கைக்குள் அத்தனை சின்னச் சின்ன எலும்பா என்று வலியைக்கூட மறந்துவிட்டேன். என்னை நானே முதல் முறை பார்த்தது உன் கையில்தான். அன்றிலிருந்து உன் வேலையின்மேல் எனக்கு ஒரு பயபக்தி உண்டு. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடுமே என்று சொன்னதில்லை.

மூச்சுப் பிடிப்பதில் நீ என்னை ஜெயித்ததில்லை என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன். பேருந்து அந்த நீளப் பாலத்தில் ஏறும்போது பந்தயம் வைப்போமே. எனக்கு ஏழு வயது, உனக்குப் பதினான்கு. ஒவ்வொரு முறையும் நீதான் முதலில் 'ஹா' என்று விடுவாய்.

எனக்கு இங்கே வேலை தலைக்குமேல் இருக்கிறது. உன் பெண் தேர்வுக்கு எப்படிப் படிக்கிறாள் என்று எழுது. நீ எப்படிப் படிக்கிறாய் என்றும்.

வாயாடி


மார்ச் 14

தங்கைக்கு,

பயபக்தி என்று எழுதினால் உருகிவிடுவேன் என்று நினைத்தாயா? கொஞ்சம் உருகினேன். அதற்காக 'அன்புள்ள' வந்துவிடாது.

என் பெண் நன்றாகப் படிக்கிறாள். நான் படிப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. சாப்பாட்டு மேசையில் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். தசமப் புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்து நேற்று ஒருவருடைய கல்லீரலை யானைக்கல்லீரல் ஆக்கிவிட்டேன். அவள்தான் திருத்தினாள்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. இந்த இயந்திரம் எடுக்கும் படங்கள் இருக்கின்றனவே! இத்தனை வருஷமாக நான் பார்த்ததெல்லாம் திரைபோட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தது போலத்தான். இப்போது திரையை விலக்கிவிட்டார்கள். நூல் போல மெல்லிய ரத்தக்குழாய் கிளை பிரிந்து போவது தெரிகிறது. முதல் நல்ல படத்தைப் பார்த்த அன்று நானும் பெரிய டாக்டரம்மாவும் திரைக்கு முன்னால் இடித்துக்கொண்டு நின்றோம். அவருக்கும் முப்பது வருஷ அனுபவம். "இவ்வளவும் உள்ளேயே இருந்திருக்கு, பாருங்க" என்றார்.

நல்ல படம் வந்தால்தான் அப்படி. பாதிப் படம் மங்கலாக வருகிறது. ஆள் மூச்சை விட்டுவிடுகிறார், வயிறு அசைகிறது, படம் கலங்குகிறது. நோயாளிகள் ஒத்துழைப்பதில்லை என்கிறார் பொறியாளர். எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம். உன் குரல் எடுபடவில்லை பார்த்தாயா என்று.

நேற்று ஒரு அம்மா வந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய இயந்திரத்தில் என்னிடம் படம் எடுத்துக்கொண்டவராம். இந்த முறை மூன்று தடவை முயன்றும் மங்கல்தான். வெளியே வந்து காலணியை மாட்டிக்கொண்டே, "இந்தத் தடவை ஏம்மா நீங்க தட்டல?" என்று கேட்டார். என்ன தட்டல் என்று கேட்டேன். மூச்சைப் பிடித்திருக்கும்போது காதில் 'டொக், டொக்' என்று மெதுவாகக் கேட்குமாம். யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள் என்று தைரியமாக இருக்குமாம். நான் எதையும் தட்டியதில்லை என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பழைய மைக்கை எடுத்துப் பார்த்தேன். கம்பி வலையின் ஓரத்தில் பெயின்ட் தேய்ந்து, நகம் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. சரியாக என் சுட்டுவிரல் போய் உட்காருகிற இடத்தில். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு எதுவுமே பிடிபடவில்லை.

நான் மைக்கில் 'பிடியுங்கள்' என்று சொன்னால் நானும் கூடவே மூச்சைப் பிடிப்பேன். எப்போதும் அப்படித்தான், அது மட்டும் எனக்குத் தெரியும். நீ பதிவு செய்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. மழுப்பாதே.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை, பிடிக்கவில்லை.

மழுப்பாதே என்றாயே, முழுவதையும் சொல்லிவிடுகிறேன். 'இழுங்கள்', 'பிடியுங்கள்' இரண்டையும் ஒரு திங்கட்கிழமை படித்தேன். 'விடுங்கள்' என்பது வேறு தாளில் இருந்தது. அதை வியாழக்கிழமை, டீ குடித்துவிட்டு வந்து படித்தேன். உன் அறையில் படுத்திருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற நேரம் முழுக்க, அங்கே நான் இல்லவே இல்லை அக்கா. திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் அவர்களைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் இது உறைத்தது.

இன்னொன்று. வேலை தலைக்குமேல் இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா, பொய். அந்த நானூறு வாக்கியத்தை வைத்து என் குரலில் எந்த வாக்கியத்தையும் அவர்களே செய்துகொள்ள முடியும். ரயில் நிலையமும் அதையே வாங்கிவிட்டது. ஒன்பது மாதமாக என்னை யாரும் கூப்பிடவில்லை. போன வாரம் நடைமேடையில் நின்றிருந்தேன். என் ரயில் தாமதம் என்று நானே எனக்கு அறிவித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உன் வேலையை நான் பிடுங்கினேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தபோது, அதே குரல் என் வேலையையும் பிடுங்கிவிட்டிருந்தது. வெட்கத்தில் உன்னிடம் சொல்லவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கப் படிக்கிறேன். ஒன்றரை வருஷப் படிப்பு. வகுப்பில் எல்லோரும் உன் பெண் வயது. என்னை 'ஆன்ட்டி' என்கிறார்கள், நோட்டு மட்டும் என்னிடம்தான் கடன் வாங்குகிறார்கள்.

போன மாதம் ஒரு பேருந்து நடத்துநரை என்னிடம் விட்டார்கள். ஐந்து மாதமாக ஒரு சொல்கூடப் பேசாதவர். நான் என்னென்னவோ படம் காட்டினேன், எழுத்துக் காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவருடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சரிவுப் பாதையில் இறங்கினேன். நான்கு பேர் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் நாற்காலியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "உள்ள போங்க, உள்ள போங்க" என்றார். தெளிவாக, சத்தமாக. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாற்காலியை அங்கேயே நிறுத்திவிட்டேன். முப்பது வருஷம் தினமும் சொன்ன சொல், மூளையில் அத்தனை இடிந்த பிறகும் எங்கோ ஒரு மூலையில் பத்திரமாக இருந்திருக்கிறது. கை தட்டியதும் வெளியே வந்துவிட்டது.

அந்த அம்மா சொன்ன தட்டலைப் படித்ததும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார். உன் உடம்பில் என்னவெல்லாம் இருக்கிறதோ, தேடிப் பார்.

வாயாடி


ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் கெட்ட செய்தி. தேர்வில் தவறிவிட்டேன். நான்கு மதிப்பெண் குறைவு. மே மாதம் இன்னொரு வாய்ப்பு, அதுவே கடைசி.

இரண்டாவது செய்தி அதைவிட மோசம். நீ சொன்னபடி தேடினேன். பழைய இயந்திரத்தின் பதிவுகள் எல்லாம் கிடங்குக் கணினியில் இருக்கின்றன. ஒவ்வொருவரையும் எத்தனை வினாடி மூச்சைப் பிடிக்க வைத்தோம் என்பது அதில் தெரியும். பழையதில் அந்த எண்ணை நான்தான் ஒவ்வொரு முறையும் கை போன போக்கில் போடுவேன். புது இயந்திரத்தைப் பொருத்தியபோது பொறியாளர் என்னைக் கேட்டார், அனுபவசாலி ஆயிற்றே என்று. "எத்தனை செகண்ட் வைக்கலாம் மேடம்?" நான் யோசிக்கக்கூட இல்லை. எல்லோருக்கும் பதினாறு என்றேன். அவரும் பதினாறு என்று வைத்துவிட்டார்.

பதிவுகளைத் திறந்தால் பதினாறே அபூர்வம். பதினொன்று, பதினான்கு, ஒன்பது, பதினெட்டு. ஒருவருக்கு ஏழு வினாடி வீதம் மூன்று துண்டாக எடுத்திருக்கிறேன். பதினாறு என்பது நான் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தது. செய்தது வேறு. நான் சொன்னதைத்தான் அந்த இயந்திரம் ஒழுங்காகச் செய்கிறது. படம் மங்கலானதற்குக் காரணம் உன் குரல் இல்லை, என் வாய்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. மங்கல் படம் என்றால் சும்மாவா, அந்த மனிதர் இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு, வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு, பயந்துகொண்டு திரும்ப வர வேண்டும். நான்காம் நாள் டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். தேர்விலும் தவறியவள், இதையும் ஒப்புக்கொண்டால் பதிவு ஜன்னல்தான் என்று தெரிந்தே போனேன். அவர் பதிவுகளை வெகுநேரம் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சது உங்களுக்கே தெரியலையா?" என்றார். தெரியவில்லை என்றேன். "அப்ப யார்கிட்ட போய்க் கத்துக்கறது?"

இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் என்னிடமே படிக்கிறேன். வயிற்றில் கட்டுகிற பட்டை ஒன்று உண்டு. மூச்சு ஏறி இறங்குவதைத் திரையில் அலையாகக் காட்டும். என் வயிற்றிலேயே கட்டிப் பார்த்தேன். ஐம்பத்தோரு வருஷமாக விட்ட மூச்சை அன்றுதான் முதல் முறை பார்க்கிறேன். நான் பாட்டுக்குக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்திருக்க மனமே வரவில்லை.

பொறியாளர் ஒரு வழி சொன்னார். நான் மைக்கை எடுக்கிறேன், அவர் அலையைப் பார்க்கிறார். இருபது பேருக்குப் பிறகு கண்டுபிடித்தோம். படுத்தவுடன் யாருக்கும் அலை ஒழுங்காக இருக்காது. இரண்டு மூச்சைச் சும்மா போகவிடுகிறேன். மூன்றாவது கொஞ்சம் தணிந்து வரும், அதில்தான் 'பிடியுங்கள்' என்கிறேன். எத்தனை வினாடி தாங்குவார்கள் என்பதும் அந்த மூன்றாவது மூச்சின் ஆழத்திலேயே இருக்கிறது. அவர்கள் பிடித்திருக்கும் வரை மைக்கை நகத்தால் தட்டுகிறேன். பொறியாளர் எழுதிக்கொண்டே, "இதை மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் மேடம்" என்றார். சொல்லிக் கொடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும் என்று பயமாகத்தான் இருக்கிறது. சொல்லிக் கொடுக்காவிட்டால் அடுத்து வருகிறவருக்கும் படம் மங்கும்.

உன் திங்கட்கிழமைக் குரலை அவர்கள் கணினியில் இழுத்து மெதுவாக்கிப் பார்த்தார்கள். தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது. புதிதாகப் பதிய வேண்டும், என் அறையிலேயே, ஒரே மூச்சில். மே 6 அன்று வருகிறாயா? வீட்டுக்கு அழைக்கவில்லை, வேலைக்கு அழைக்கிறேன். தேர்வு 12ஆம் தேதி.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு பகல் முழுக்க ரயிலில் வந்து, நான்கு மணி நேரம் உன் அறையில் இருந்து, வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிய ஒரே தங்கை நானாகத்தான் இருப்பேன். அத்தான் பாவம், மூவருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தவர், நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார்.

பதிவுக்கு முன்னால் பழையது எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டும், யாராவது உள்ளே படுங்கள் என்றார் பொறியாளர். நான் பெரிய வீராங்கனை போலப் படுத்தேன். குழாய்க்குள் போனதும் மூக்குக்கு மேலே கூரை. காதில் ஹெட்போன், சுற்றிலும் கதவை இடிப்பது போலச் சத்தம். நான் பேசினேன். மூச்சை இழுங்கள் என்றேன், இழுத்தேன். பிடியுங்கள் என்றேன், பிடித்தேன். பிறகு ஒன்றுமில்லை. என் குரலுக்குப் பின்னால் ஆளே இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது. மற்றவர்களாவது யாரோ வெளியே இருந்து பேசுவதாக நம்பியிருப்பார்கள். எனக்கு அதுகூட இல்லை. உதவி வேண்டுமென்றால் அமுக்கச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கிவிட்டேன்.

அப்போது நீ பேசினாய்.

"வாயாடி, நான் இருக்கேன். வெளிய வரணுமா?"

வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

"அப்ப ரெண்டு மூச்சு சும்மா விடு. மூணாவது நம்மளது."

விட்டேன். மூன்றாவதில் நீ பிடி என்றாய். அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் காதில் டொக் என்றது. கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் டொக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீயும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய் என்று தெரிந்தது. அக்கா, எனக்குள் எல்லாமே நின்றுவிட்டது. பயம், வெட்கம், நான்கு மாதச் சண்டை. நான் இருக்கிறேன், எனக்குள்ளே ஒன்றும் அசையவில்லை, யாரோ என்னைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ 'விடு' என்றபோது கண்ணில் தண்ணீர் வந்து இரண்டு காதுக்கும் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்க இடமில்லை.

பிறகு மைக் முன்னால் உன் பக்கத்தில் உட்கார்ந்து பதிந்தோமே, அன்று நான் நிஜமாகவே மூச்சைப் பிடித்தேன். 'விடுங்கள்' என்று சொன்னபோது அது எனக்கும் சேர்த்துத்தான் வந்தது. பொறியாளர் இரண்டாம் முறை கேட்கவில்லை, அதையே எடுத்துக்கொண்டார்.

தேர்வை நன்றாக எழுது. தசமப் புள்ளியைப் பார்த்து வை.

வாயாடி


மே 29

அன்புள்ள வாயாடி,

தேறிவிட்டேன். தேவையானதைவிட இரண்டு மதிப்பெண் அதிகம். என் பெண் விடைத்தாளைப் பார்த்துவிட்டு, யானை எதுவும் இல்லை என்றாள்.

எனக்குக் கொடுத்த வேலைக்கு இன்னும் பெயர் இல்லை. திரைகளைப் பார்ப்பது பாதி நேரம். மீதி நேரம் படம் மங்குகிற ஆட்களோடு உட்கார்ந்து, ஏன் மங்குகிறது என்று அலையைப் பார்த்துப் பொறியாளருக்குச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை செய்யும் மற்ற இருவரையும் அனுப்ப வேண்டாம் என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார், அவர்கள் கையிலும் இப்படி என்னென்ன இருக்கிறதோ என்று. ஆறு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். பணியாளர் படிவத்தில் 'பதவி' என்ற இடத்தில் எழுத்தர் அம்மா கோடு போட்டுவிட்டார். அந்தக் கோட்டை நான் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு வேலையில் புதிதாகச் சேர்ந்த மாதிரி பயமாக இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது.

புதுப் பதிவு திங்கட்கிழமை முதல் ஓடுகிறது. பட்டையைப் பார்த்து இயந்திரமே மூன்றாவது மூச்சுக்குக் காத்திருக்கிறது. நீ 'பிடியுங்கள்' என்கிறாய். பிறகு என் நகம், டொக், டொக். பிறகு நீ 'விடுங்கள்' என்கிறாய். திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவில் இப்போது ஆள் இருக்கிறது. இந்த வாரம் நூற்றுக்கு ஏழோ எட்டோதான் மங்கல். அந்த ஏழெட்டுப் பேருக்கு நான் நேரில் மைக்கை எடுக்கிறேன். அவர்களிடம் இன்னும் கற்க வேண்டியது இருக்கிறது.

பாலத்துப் பந்தயத்தை நீ ஜெயித்ததாக எழுதியிருந்தாய். முப்பத்தேழு வருஷமாக அந்தப் பெருமையில் இருக்கிறாய், இருந்துவிட்டுப் போ என்றுதான் நினைத்தேன். அன்று உள்ளே படுத்திருந்த உன் அலையைத் திரையில் பார்த்தபோது எனக்கே ஞாபகம் வந்தது. பாலத்தில் நான் ஆற்றைப் பார்க்க மாட்டேன், உன்னைத்தான் பார்ப்பேன். உன் கழுத்தில் ஒரு நரம்பு புடைக்கும். உதடு வெளுக்கும். இனி தாங்காது என்று தெரிந்ததும் நான் 'ஹா' என்று விட்டுவிடுவேன், நீ தோற்காமல் மூச்சை விடுவதற்கு. ஆளைப் பார்த்தே மூச்சை அளக்கும் வேலையை நான் எங்கே கற்றேன் என்று டாக்டரம்மா கேட்டார். ஆஸ்பத்திரியில் என்று சொல்லிவைத்தேன்.

இனிக் கடிதம் வேண்டாம், கை வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய். அத்தானை எடுக்க விடமாட்டேன். உன் குரல் கேட்டதும் பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், கொஞ்ச நேரம் பேச்சு வராது. வைத்துவிடாதே. தட்டுகிறேனா என்று காதைக் கொடுத்துக் கேள்.

அக்கா